அகற்றப்படும் குடிசைகள், அசையாத தூண்கள்: சென்னை வெள்ளங்களின் வரலாறும் ‘ஆக்கிரமிப்பு’ என்னும் சொல்லும்

மந்தைவெளி பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து கீழே நோக்கினால் பக்கிங்காம் கால்வாய் தெரியும். கறுத்துத் தேங்கிய நீர். அந்நீரின் படுகையிலேயே வரிசையாக ஊன்றப்பட்ட கான்கிரீட் தூண்கள். கால்வாயின் கரையை ஒட்டி ஆங்காங்கே தகரக் கூரைகள், தார்ப்பாய் போர்த்திய சுவர்கள், துணி காயும் கயிறுகள். கால்வாய்க்குள் நிற்கும் தூண்களுக்கு அரசு ஆவணங்களில் ‘திட்டம்’ என்று பெயர். கால்வாய்க் கரையில் நிற்கும் குடிசைகளுக்கு ‘ஆக்கிரமிப்பு’ என்று பெயர்.

வெள்ளம் வரும்போது இவ்விரண்டில் எது நீரோட்டத்தைத் தடுக்கிறது என்பதை அறியப் பொறியியல் பட்டம் தேவையில்லை. ஆயினும் வெள்ளம் வடிந்த பின் அகற்றப்படுவது எது என்பதும் நாம் அறிந்ததே. சென்னையின் பெருவெள்ளங்களை மழை அளவுகளின் வரலாறாக மட்டும் படிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. யார் பள்ளத்தில் குடியேற்றப்பட்டார்கள், யார் மூழ்கினார்கள், யார் வெளியேற்றப்பட்டார்கள், யார் சேற்றை அள்ளினார்கள் என்ற வரலாறாகவும் அவற்றைப் படிக்க வேண்டும். அப்படிப் படிக்கும்போதுதான் ‘ஆக்கிரமிப்பாளர்’ என்ற சொல் யார் மீது ஏவப்படுகிறது என்பது விளங்கும்.

கால்வாயை வெட்டியவர்கள்

கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும், ஏறக்குறைய 8 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய்ப் பகுதி 1877-78 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டது. அது சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் சூறையாடிய காலம். பஞ்ச நிவாரணப் பணியாகவே அக்கால்வாய் தோண்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. மண்ணை வெட்டிச் சுமந்தவர்கள் பட்டினியால் நகருக்கு வந்த கூலிகள். விளைச்சல் பொய்த்தவுடன் கூலியையும் கஞ்சியையும் முதலில் இழந்தவர்கள் நிலமற்ற பண்ணையாட்கள். தீண்டாமைக்கு ஆட்பட்ட சாதியினரே அவர்களுள் மிகுதி என்பதைச் செங்கல்பட்டு மாவட்டத்தின் நில உடைமை வரலாறு காட்டும். மந்தைவெளியையும் மயிலாப்பூரையும் ஒட்டி ஓடும் கால்வாய் அவர்களின் உழைப்பால் உருவானது.

அந்த நிலமின்மையைத்தான் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் தமது அறிக்கையில் எடுத்துரைத்தார். அதன் விளைவாக 1892 இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. ஆனால் ஒதுக்கப்பட்ட நிலங்களில் பெரும்பகுதி பின்னர் பிறர் கைக்குப் போனது. அவற்றை மீட்கும் போராட்டம் இன்றுவரை தொடர்கிறது. 1994 இல் காரணையில் பஞ்சமி நில மீட்புக்காகப் போராடியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்ததும் இதே செங்கல்பட்டு மண்ணில்தான். கிராமத்தில் நிலம் மறுக்கப்பட்டவர்கள் நகரத்துக்கு வந்தார்கள். நகரத்திலோ பட்டா நிலம் வாங்கப் பணமில்லை. வாடகைக்குச் சென்றால் சாதியைக் கேட்டுக் கதவை மூடினார்கள். எஞ்சியது புறம்போக்கு: ஆற்றங்கரை, கால்வாய்க்கரை, கடற்கரை, ரயில் பாதை ஓரம்.

‘புறம்போக்கு’ என்பது வரி விதிப்புக்குப் புறம்பான நிலத்தைக் குறிக்கும் வருவாய்த் துறைச் சொல். அது வசைச் சொல்லாக மாறியதற்கும் அந்நிலத்தில் வாழ நேர்ந்தவர்களின் சாதிக்கும் தொடர்பில்லை என்று யாரால் சொல்ல முடியும்? நம் கிராமங்கள் பலவற்றில் மேட்டில் ஊரும் பள்ளத்தில் சேரியும் இருக்கும். வசதி படைத்தோரை ‘மேட்டுக்குடி’ என்று தமிழ் அழைப்பது தற்செயல் அன்று. அந்த மேடு பள்ளத்தைச் சென்னை மாநகரம் அழிக்கவில்லை. ஆற்றங்கரை நெடுகிலும் அதை மறுபடி வரைந்தது.

இங்கே ஒரு தெளிவு தேவை. ஆற்றங்கரைக் குடியிருப்புகளில் வாழும் அனைவரும் தலித்துகள் அல்லர். மீனவர், இஸ்லாமியர், மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் எனப் பலரும் அங்கே ஒன்றாக வாழ்கிறார்கள். ஆயினும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. குடிசைப் பகுதி மக்களிலோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர். வெள்ளத்துக்குச் சாதி தெரியாது என்பது உண்மைதான். ஆனால் வெள்ளம் வரும் வழியில் யாரைக் குடியமர்த்துவது என்பதைச் சாதி அறிந்து வைத்திருக்கிறது.

வெள்ளங்களின் வரிசை

கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு ஆகிய மூன்று ஆறுகளும், அவற்றைக் குறுக்கே இணைக்கும் பக்கிங்காம் கால்வாயும், தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் சென்னையின் வடிகால்கள். நிலம் தட்டையானது, கடல் மட்டத்திலிருந்து அதிக உயரமில்லாதது. வடகிழக்குப் பருவமழை சில நாட்களுக்குள் கொட்டித் தீர்க்கும் இயல்புடையது. ஆகவே வெள்ளம் இந்நகருக்குப் புதிதன்று.

1943 அக்டோபரில் கூவமும் அடையாறும் கரை கடந்தன. 1976 நவம்பர் 25 அன்று நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டர் மழை பதிவானது; அடையாற்றங்கரையின் தாழ்வான பகுதிகள் மூழ்கின. 1985 நவம்பரில் மீண்டும் அதே ஆறு, அதே கரைகள். 2005 அக்டோபர் 27 அன்று ஒரே நாளில் 27 சென்டிமீட்டர் மழை.

2015 ஆம் ஆண்டு நம் தலைமுறை கண்ணால் கண்டது. அவ்வாண்டு நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 1,049 மில்லிமீட்டர் மழை பெய்தது. 1918 க்குப் பின் அம்மாதத்தில் அவ்வளவு மழை பெய்ததில்லை. ஏரிகள் நிரம்பி மண் நீரை ஏற்க மறுத்த நிலையில், டிசம்பர் 1, 2 ஆகிய நாட்களில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் கொட்டின. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. வழிநெடுக நிரம்பி வழிந்த பிற ஏரிகளின் நீரும் அதனுடன் சேர்ந்தது. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் ஆகிய பகுதிகளில் நள்ளிரவில் நீர் வீடுகளுக்குள் புகுந்தது. அப்பருவமழையில் தமிழகத்தில் 400 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

2018 ஜூலையில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் தலைவரின் அறிக்கை, இதை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே குறிப்பிட்டது. ஏரி முழுக் கொள்ளளவை எட்டாதிருந்தபோதே வரத்தைவிட மிகுதியாக நீர் திறக்கப்பட்டதை அது சுட்டிக்காட்டியது. தணிக்கை அறிக்கைகள் மென்மையான மொழியில் எழுதப்படுபவை. அத்தகைய அறிக்கையே இவ்வளவு கடுமையாகப் பேசியது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

2021 நவம்பரில் மறுபடியும் நகரம் மூழ்கியது. ஓய்வுபெற்ற இந்திய ஆட்சிப்பணி அலுவலர் வெ. திருப்புகழ் தலைமையில் ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. அதே மாதத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்து தென்மாவட்டங்களும் மூழ்கின. வெள்ளத்தின் இடைவெளி சுருங்கிக்கொண்டே வருகிறது. புவி வெப்பமாதல் பெருமழைகளை மேலும் கடுமையாக்கும் என்பது அறிவியலாளர்களின் ஒருமித்த கருத்து. ஆகவே அடுத்த வெள்ளம் வருமா என்பது கேள்வியன்று. அது வந்து வடிந்த பின் பழி யார் மீது விழும் என்பதே கேள்வி.

நீரின் இடத்தை எடுத்தவர்கள்

மயிலாப்பூருக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு முன் நீண்டதோர் ஏரி கிடந்தது. 1920 களில் நகர விரிவாக்கத்துக்காக அதன் மாம்பலம் பகுதி வற்றடிக்கப்பட்டு இன்றைய தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. கூவத்தின் வெள்ளச் சமவெளியான கோயம்பேட்டில் பேருந்து முனையமும் சந்தையும் கட்டப்பட்டன. சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலம் அமைத்து நீட்டிக்கப்பட்டது. 2015 டிசம்பரில் அந்த விமான நிலையமே நீரில் மிதந்து சில நாட்கள் மூடிக் கிடந்தது. பல ஆயிரம் ஹெக்டேர் பரந்திருந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இன்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியுள்ளது. அதன் மீது குப்பைமேடும் அரசு ஆய்வு நிறுவனங்களும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. மந்தைவெளியில் நாம் கண்ட தூண்களும் இந்தப் பட்டியலில் சேர வேண்டியவையே.

இவற்றுள் எதையும் இடிக்க வேண்டும் என்று கோருவது இக்கட்டுரையின் நோக்கமன்று. சட்டம் இருவரை எவ்வாறு வேறுவேறாக நடத்துகிறது என்பதைக் காட்டுவதே நோக்கம்.

தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971 இல் 1998 ஆம் ஆண்டு 113-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 1999 பிப்ரவரி 28 க்கு முன் விதிகளை மீறிக் கட்டப்பட்ட கட்டடங்களைக் கட்டணம் செலுத்தி வரன்முறைப்படுத்திக்கொள்ள அது வழி செய்தது. அந்தக் கெடு திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. நீட்டிப்புகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006 இல் செல்லாதென அறிவிக்க வேண்டியிருந்தது. பணம் படைத்தவரின் விதிமீறலுக்குச் சட்டம் இட்ட பெயர் ‘வரன்முறைப்படுத்தல்’.

குடிசைவாசிக்கோ 1905 ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் காத்திருக்கிறது. காலனி ஆட்சி இயற்றிய அச்சட்டம்கூட 7 ஆம் பிரிவில் முன்னறிவிப்பும் விளக்கம் அளிக்கும் வாய்ப்பும் தர வேண்டும் என்கிறது. நடைமுறையில், வழக்காட என்னிடம் கொண்டுவரப்பட்ட அறிவிப்புகள் பலவற்றில் குடியிருப்பவரின் பெயர்கூட எழுதப்பட்டிருக்கவில்லை. ‘ஆக்கிரமிப்பாளர்’ என்று மட்டும் அச்சிட்டுக் கதவில் ஒட்டியிருந்தார்கள். நாற்பதாண்டுகள் ஓரிடத்தில் வாழ்ந்து, அம்முகவரியில் வாக்களித்து, மின்கட்டணம் செலுத்தி, பிள்ளைகளைப் படிக்க வைத்த ஒருவர் அரசின் பார்வையில் பெயரற்றவர் ஆகிவிடுகிறார்.

பள்ளத்திலிருந்து சதுப்புக்கு

வெளியேற்றப்பட்டவர்கள் எங்கே அனுப்பப்பட்டார்கள்? 2000 ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகர், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரி, அதன்பின் பெரும்பாக்கம். ஆழிப்பேரலையைக் காரணம் காட்டிப் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம் உள்ளிட்ட கடலோரக் குடியிருப்புகளிலிருந்து குடும்பங்கள் செம்மஞ்சேரிக்கு மாற்றப்பட்டன. 2015 வெள்ளத்தைக் காரணம் காட்டி அடையாற்றங்கரையிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன.

இம்மூன்று குடியிருப்புகளும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் அமைந்தவை. தென்சென்னையின் ஏரிகளிலிருந்து வழியும் நீர் அவ்வழியாகவே சதுப்புக்குச் சென்று கடலை அடைய வேண்டும். 2015 வெள்ளத்தில் செம்மஞ்சேரி மூழ்கியது. அதன் பின்னரும் பல மழைக்காலங்களில் அங்கே தெருக்களில் நீர் தேங்கியது. வெள்ள அபாயத்திலிருந்து காப்பதாகச் சொல்லி ஓர் ஆற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்ட மக்கள், இன்னொரு வெள்ளப் பகுதியில் இறக்கிவிடப்பட்டார்கள். அங்கே அவர்களின் பெயர் ‘பயனாளி’.

இடம் மாறியதால் இழந்தது வீடு மட்டுமன்று. மந்தைவெளியிலும் இராஜா அண்ணாமலைபுரத்திலும் மயிலாப்பூரிலும் வீட்டு வேலை செய்த பெண்கள் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வந்து காலை ஆறு மணிக்கு வேலையில் நிற்க முடியாது. இரண்டு மூன்று வீடுகளில் வேலை செய்து ஈட்டிய வருமானத்தில் ஒரு பகுதி பேருந்துக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் போகிறது. மீதி வேலைகள் கைநழுவுகின்றன. கல்வியாண்டின் நடுவில் மாற்றப்பட்ட பிள்ளைகளில் பலர் பள்ளிக்குத் திரும்புவதில்லை. பட்டியல் சாதியினரையும் பிற ஏழைகளையும் நகரின் விளிம்பில் ஒரே இடத்தில் குவிப்பது, கிராமத்துச் சேரியை எட்டு மாடிகளாக அடுக்குவதற்கு ஒப்பாகும். ‘எந்த ஏரியா?’ என்ற கேள்விக்கு முகவரியைச் சொன்னவுடன் வேலை மறுக்கப்படும் அனுபவத்தை அங்குள்ள இளைஞர்கள் பலர் அறிவார்கள்.

மந்தைவெளிக்கு அருகிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. 2022 மே மாதம், பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், நீதிமன்ற உத்தரவின் பேரில் வீடுகள் இடிக்கப்பட்டன. மே 8 அன்று, இடிப்பைத் தடுக்க இயலாத முதியவர் ஒருவர் தீக்குளித்தார், மறுநாள் உயிரிழந்தார். அதற்குப் பின்னரே, அங்குள்ளோருக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளிலேயே மாற்று வீடுகள் தரப்படும் என்று முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். அருகிலேயே வீடு தர முடியும் என்பது அவ்வறிவிப்பால் உறுதியானது. அதைச் சொல்வதற்கு ஓர் உயிர் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு மட்டும் விடையில்லை.

இத்தகைய அனுபவம் சென்னைக்கு மட்டும் உரியதன்று. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது, தாழ்வான பகுதிகளில் வாழ்ந்த கறுப்பின ஏழைகளே பேரிழப்புக்கு ஆளாயினர். வெள்ளம் வடிந்த பின், அவர்கள் வாழ்ந்த அரசுப் பொதுக் குடியிருப்புகள் பல இடிக்கப்பட்டன. பலரால் நகருக்குத் திரும்பவே முடியவில்லை. அங்கே இனம் செய்த வேலையை இங்கே சாதி செய்கிறது.

நிவாரண வரிசையும் சேறு அள்ளும் கைகளும்

2005 டிசம்பர் 18 அதிகாலை, சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரண டோக்கன் பெறப் பள்ளி வாசலில் திரண்ட ஏழைகள் நெரிசலில் சிக்கினர். 42 பேர் மாண்டனர். வெள்ளத்தில் தப்பியவர்கள் நிவாரண வரிசையில் இறந்தார்கள். நிவாரணம் என்பது உரிமையாக வீடு தேடி வராமல், முந்தி வருபவருக்குக் கிட்டும் கொடையாக வழங்கப்பட்டதன் விளைவு அது. பிந்தைய வெள்ளங்களில் குடும்ப அட்டையின் அடிப்படையில் தொகை வழங்கப்பட்டது. ஆனால் மாற்றிடத்துக்கு அனுப்பப்பட்டு முகவரி மாறாதவர்கள், ஒரே வீட்டில் வாழும் இரண்டாவது குடும்பத்தினர், அட்டையை வெள்ளத்திலேயே இழந்தவர்கள் ஆகியோர் வாசலில் நிறுத்தப்படும் நிலை தொடர்கிறது.

2015 இல் வெள்ளம் வடிந்தபோது நகரெங்கும் சேறும் அழுகிய குப்பையும் மலையாகக் குவிந்தன. அவற்றை அகற்றப் பிற மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தூய்மைப் பணியாளர்கள் அழைத்து வரப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அருந்ததியர் உள்ளிட்ட தலித் சமூகத்தினர். கையுறையும் காலணியும் இன்றி அவர்கள் அழுகிய கழிவில் நின்ற படங்கள் நாளேடுகளில் வந்தன. தன்னார்வலர்களின் மனிதநேயத்தைக் கொண்டாடிய நகரம், ஊதியத்துக்கும் பாதுகாப்புக்கும் உரிய அந்தப் பணியாளர்களை விரைவில் மறந்தது. கையால் மலம் அள்ளும் பணியைத் தடை செய்யும் 2013 ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருக்கும்போதே, பாதாளச் சாக்கடை மரணங்கள் மிகுதியாகப் பதிவான மாநிலங்களுள் தமிழ்நாடு முன்னணியில் உள்ளது. அத்தகைய மரணங்களுக்கான இழப்பீட்டை 10 லட்சம் ரூபாயிலிருந்து 30 லட்சமாக உயர்த்தி உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 20 அன்று தீர்ப்பளித்தது. வெள்ளக் காலத்துப் பணியிலும் இத்தீர்ப்பு பொருந்தும் என்பதைப் பணியாளர்கள் அறிந்திருக்க வேண்டும்.

சட்டத்தில் நமக்குள்ள பிடிமானங்கள்

ஆர்வலர்களும் மாணவர்களும் கையில் வைத்திருக்க வேண்டிய சட்டப் பிடிமானங்கள் சிலவற்றை இங்கே தொகுக்கிறேன்.

முதலாவது, பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005. அதன் 61 ஆம் பிரிவு, இழப்பீடும் நிவாரணமும் வழங்கும்போது பால், சாதி, சமூகம், மரபுவழி, மதம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம், துப்புரவு ஆகியவற்றுக்கான குறைந்தபட்சத் தரம் பற்றி 12 ஆம் பிரிவு பேசுகிறது. நிவாரண முகாமில் தனிப்பந்தி போடுவதும், சேரிக்குக் கடைசியாகப் படகு அனுப்புவதும் வெறும் மனிதாபிமானக் குறைகள் அல்ல, சட்ட மீறல்கள். பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொது வளங்களையும் பொது இடங்களையும் அவர்கள் பயன்படுத்துவதைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது.

இரண்டாவது, 1985 ஆம் ஆண்டின் ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு. அரசமைப்புச் சட்டத்தின் 21 ஆம் உறுப்பு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் அதில் கூறியது. அத்தீர்ப்பு பம்பாய் நடைபாதைவாசிகளை அகற்றுவதை முற்றாகத் தடுக்கவில்லை. ஆனால் மழைக்காலம் முடியும்வரை, அதாவது 1985 அக்டோபர் 31 வரை, அவர்களை அகற்றக் கூடாது என்றது. அதே ஆண்டில், பின்னாளில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியான வழக்கறிஞர் கே. சந்துரு தொடுத்த சென்னைக் குடிசைவாசிகள் வழக்கில், மாற்று இடம் தந்த பின்னரே தமிழக அரசு மக்களை வெளியேற்றும் என்ற நம்பிக்கையை உச்ச நீதிமன்றம் பதிவு செய்தது. நாற்பதாண்டுகள் கடந்தும் மழைக்காலத்திலும் தேர்வுக் காலத்திலும் இடிப்பு எந்திரங்கள் வருகின்றன என்றால், அந்த நம்பிக்கை என்னவாயிற்று?

மூன்றாவது, 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த ஜக்பால் சிங் தீர்ப்பு. நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற வரும் அலுவலர்கள் பெரும்பாலும் இதைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். கிராமப் பொது நிலங்களிலிருந்து ஆக்கிரமிப்புகளை அகற்ற அது ஆணையிட்டது உண்மை. ஆனால் அதே தீர்ப்பின் இறுதியில் ஒரு விதிவிலக்கு உண்டு: நிலமற்ற தொழிலாளர்களுக்கோ பட்டியல் சாதி, பழங்குடியினருக்கோ அரசு அறிவிக்கையின்படி நிலம் குத்தகைக்கு விடப்பட்டிருந்தால் வரன்முறைப்படுத்தலாம் என்று அது கூறுகிறது. அந்த வரியை எந்த அறிவிப்பிலும் நான் கண்டதில்லை.

நான்காவது, தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் (மேம்பாடு மற்றும் அகற்றல்) சட்டம், 1971. இச்சட்டத்தின்படி ஒரு பகுதி ‘குடிசைப் பகுதி’ என அறிவிக்கப்பட்டால் அங்கு அடிப்படை வசதிகளும் வெளியேற்றத்துக்கு எதிரான சில பாதுகாப்புகளும் கிட்டும். 1971 இல் சென்னையில் 1,202 பகுதிகள் அவ்வாறு அறிவிக்கப்பட்டன. 1985 இல் மேலும் 17. அதற்குப் பின் அறிவிக்கும் பணி நின்றுபோனது. அறிவிக்கப்படாததால் ஒரு குடியிருப்புக்குச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. பாதுகாப்பு இல்லாததால் அது ‘ஆக்கிரமிப்பு’. அரசு தன் கடமையைச் செய்யாததன் தண்டனையை மக்கள் சுமக்கிறார்கள்.

ஐந்தாவது, 2019 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் வழங்கிய அஜய் மாக்கன் தீர்ப்பு. கணக்கெடுப்பு நடத்தாமலும், மக்களுடன் பொருளுள்ள கலந்தாய்வு செய்யாமலும் குடிசைப் பகுதியை அகற்றக் கூடாது என்றும், நகரத்தின் மீது அம்மக்களுக்கும் உரிமை உண்டு என்றும் அது கூறியது. அத்தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் நம் நீதிமன்றங்களில் வலுவாக எடுத்துவைக்கத் தக்கது.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை

வழக்கு வந்த பின் ஆவணம் தேடுவது நம்மிடையே உள்ள பெருங்குறை. கோடைக்காலத்திலேயே பணி தொடங்க வேண்டும். ஒவ்வொரு குடியிருப்பிலும் வீடுவாரியாகக் குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, மின்கட்டண ரசீது, பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களைத் தொகுத்து, குடியிருப்புக்கு வெளியே பாதுகாப்பாக வைக்க வேண்டும். கடந்த வெள்ளத்தில் எந்த வீட்டில் எவ்வளவு உயரம் நீர் நின்றது, எந்தத் திசையிலிருந்து வந்தது, எத்தனை நாளில் வடிந்தது என்பதை மக்களின் வாய்மொழியாகவே பதிவு செய்து வரைபடம் ஆக்க வேண்டும். கல்லூரி மாணவர்கள் இரண்டு வார இறுதி நாட்களில் ஒரு குடியிருப்புக்கு இதைச் செய்து முடிக்கலாம். அதே ஆற்றின் மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் நீரோட்டத்தைத் தடுக்கும் பெருங்கட்டடங்களின் புல எண்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழி கேட்டுப் பெற வேண்டும். இவ்விரண்டு ஆவணங்களையும் அருகருகே வைத்தால், நீதிமன்றத்தில் ‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல்லுக்கு முதன்முறையாக அளவுகோல் ஒன்று கிடைக்கும்.

நம் கோரிக்கைகளும் தெளிவாக இருக்க வேண்டும். ஆற்றங்கரையில் எவரும் எப்படியும் வாழட்டும் என்று நாம் கேட்கவில்லை. உண்மையிலேயே உயிருக்கு ஆபத்தான இடத்தில் பிள்ளைகளுடன் வாழ எந்தத் தாயும் விரும்பமாட்டார். இடம் மாற்ற வேண்டுமெனில் அதே பகுதியில், வேலைக்கும் பள்ளிக்கும் அருகில் வீடு தரப்பட வேண்டும். புதிய குடியிருப்பின் நிலம் வெள்ளப் பகுதியா என்பது முதலில் ஆராயப்பட்டு, அந்த ஆய்வு மக்கள் முன் தமிழில் வைக்கப்பட வேண்டும். நீர்வழித் தடைகளை அகற்றும் பட்டியலில் பெருங்கட்டடங்களும் அரசுக் கட்டுமானங்களும் முதலில் எழுதப்பட வேண்டும். மறுகுடியமர்வுக்கான வரைவுக் கொள்கை ஒன்றை 2021 இல் அரசு வெளியிட்டது. கொள்கை என்பது அலுவலரின் விருப்பத்தைப் பொறுத்தது. நமக்குத் தேவை, மீறினால் நீதிமன்றத்தை நாடக்கூடிய சட்டம்.

பஞ்ச காலத்தில் பட்டினியுடன் மண் சுமந்தவர்கள் வெட்டிய கால்வாய்தான் மந்தைவெளியின் வெள்ள நீரைக் கடலுக்குக் கொண்டு செல்கிறது. அதன் கரையில் வாழ்பவர்களைப் பார்த்து, நீ இந்நகரில் அத்துமீறி நுழைந்தவன் என்று சொல்லும் அறிவிப்பு அடுத்த பருவமழைக்குப் பின் மீண்டும் ஒட்டப்படலாம். அன்று அக்கதவில் அறிவிப்பைப் படிக்க நிற்பவரின் கையில், அவருடைய பெயரும் அவர் வாழ்ந்த ஆண்டுகளும் நீர் நின்ற உயரமும் எழுதப்பட்ட ஒரு தாள் இருக்க வேண்டும். அந்தத் தாளைத் தயாரிக்கும் பணியை இந்தக் கோடையிலேயே தொடங்குவோம்.